வாப்பாவின் பெயரில் மீட்டர்

ஒரு தட்டு வீட்டைக் குளிரவைக்கச் செலவு கூடவா, மாடி வீட்டைக் குளிரவைக்கச் செலவு கூடவா? கிழக்கிலங்கைக் கல்முனையில் இந்தத் தலைப்பில் பட்டிமன்றமே வைக்கலாம். நடுவராகக் கரண்ட் பில்லை உட்கார வைக்கலாம். தீர்ப்பு இப்போதே தெரியும். இரண்டு அணியும் தோல்வி. பரிசு, சிவப்பு பில்.

பாடப்புத்தகம் மாடி வீட்டின் பக்கம் நிற்கிறது. 2,000 சதுர அடியை நிலத்தில் பரப்பிக் கட்டினால் 2,000 சதுர அடிக் கூரையும் வெயில் குடிக்கும். அதையே இரண்டு தட்டாக அடுக்கினால் கூரை பாதியாகிவிடும். நியாயமான கணக்குத்தான். நமது கரை ஏழரைப் பாகை வட அகலக்கோட்டை ஒட்டிக் கிடக்கிறது. சூரியன் சாய்ந்து வந்து சுவரைத் தொட்டுவிட்டுப் போகும் நாடு இதுவல்ல. ஏப்ரல் முற்பகுதியில் ஒருமுறை, செப்டெம்பர் முற்பகுதியில் ஒருமுறை நேரே உச்சந்தலைக்கு மேல் ஏறி நிற்கும். மற்ற நாட்களில் உச்சிக்கு அக்கம்பக்கம் உலாவும். அடிவாங்குவது கூரை. பாதிக் கூரை, பாதி அடி. மாடி வீடு வென்றது.

அப்படியானால் மாடி வீட்டுக்காரன் பில்லைப் பார்த்ததும் ஏன் நாற்காலி தேடுகிறான்?

புத்தகம் எழுதியவர் முழு வீட்டையும் குளிரவைக்கிறவரை நினைத்து எழுதினார். மருதமுனையில், சாய்ந்தமருதில், நிந்தவூரில் முழு வீட்டையும் குளிரவைக்கிறவன் எவன்? நாம் ஏசி பூட்டுவது ஒரே ஓர் அறைக்கு. அது எந்த அறை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கீழ்த்தட்டில், தலைக்கு மேல் இன்னொரு தட்டு நிழல் கொடுக்க, சும்மாவே குளிர்ந்து கிடக்கிற அறைக்கு ஏசி கிடையாது. மேல்தட்டில், வெயில் தின்ற கொங்கிறீட்டுக்கு நேர்கீழே இருக்கிற அறைக்கே ஏசி. அதுதான் மகளின் அறை. திருத்திச் சொன்னால், மருமகனின் அறை.

வெளியூர் வாசகருக்காக ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகிறார். வருகிறவர் வெறுங்கையாக வரலாம், வெறும் வீட்டுக்கு வரமாட்டார். மகளுக்கு வீடு கட்டி எழுதவேண்டும். டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் வந்து தங்கி இந்த வழக்கத்தைத் துருவித் துருவி எழுதினார், 2008இல் பெரிய புத்தகமாகவும் போட்டார். சொத்துப் பெண்ணின் கையில் நிற்கும் அருமையான ஏற்பாடு என்று படித்தவர்கள் வியந்தார்கள். வியந்தவர்கள் மூன்று மகள்மாருக்கு வாப்பாவாக இருந்து பார்க்கவேண்டும்.

கிழக்கே கடல். மேற்கே வயல். நடுவில் இருக்கிற மணல் பட்டியில் ஊர் முழுக்க அடங்கவேண்டும். முன்பு ஒரு வளவில் மூத்த மகளுக்கு வீடு, அதன் பின்னால் இளையவளுக்கு வீடு, ஓரத்தில் ஒரு கொட்டிலில் தாயும் தகப்பனும் என்று காலம் ஓடியது. வளவு பேர்ச் கணக்கில் சுருங்கிப்போன பிறகு வாப்பாமார் அண்ணாந்து பார்த்தார்கள். வானத்துக்கு உறுதி தேவையில்லை, எல்லைச் சண்டையும் இல்லை. கீழே மூத்தவள். மேலே இரண்டாமவள். மூன்றாமவளுக்கு மேலே கம்பி விட்டிருக்கிறது.

அந்தக் கம்பியில்தான் முழு விவகாரமும் தொங்குகிறது.

"மேல ஓடு போட்டா என்ன பாஸ்? சூடு குறையுமே."

"ஓடு போட்டா மூணாவது புள்ளைக்கு எங்க கட்டப்போறீங்க ஹாஜியார்?"

மேசன் பாஸின் கேள்வியில் ஹாஜியாரின் வாய் மூடியது. மேலே கொங்கிறீட் பிளேட் அடித்தார்கள். அந்தப் பிளேட் ஒரு கூரை என்று நினைக்கிறவன் ஏமாளி. இன்னும் கட்டாத தட்டின் தரை அது. நாளைக்குத் தரையாகப் போவதற்கு இன்றைக்கு யார் மேலே ஓடு வேய்வான்? யார் வெள்ளை பூசுவான்? யார் நிழல் போடுவான்? மூன்றாமவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்வரை, பத்து வருடமோ பதினைந்து வருடமோ, அது அம்மணமாக வெயிலில் கிடக்கும். அதன் கீழே இரண்டாமவள் வேகுவாள். உலகத்தில் எத்தனையோ கட்டடக்கலை உண்டு. காத்திருப்புக்காகக் கட்டும் கலை நம்முடையது.

கொங்கிறீட்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வாங்கிய சூட்டை உடனே தராது. உச்சி வெயிலை உள்ளே இழுத்துவைத்து, மஃரிபுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கும். வெளியே கடற்காற்று வீசிக்கொண்டிருக்கும்; உள்ளே நடுச்சாமம்வரை கூரை அனல் கொட்டிக்கொண்டிருக்கும். ஃபேனைப் போட்டால் அது மேலே கிடக்கிற சூட்டை அள்ளி நமது முகத்தில் வீசும். மே மாதம் பிறந்து கச்சானும் தொடங்கிவிட்டால் பிறகு சொல்லவேண்டாம். தரைப்பக்கம் இருந்து வருகிற அந்த வறண்ட காற்று, மிச்சமிருந்த ஈரத்தையும் துடைத்துக்கொண்டு போகும். அப்போது மருமகன் எதுவும் கேட்கமாட்டார். "ராவைக்கு நித்திரை வருதில்ல மாமா" என்று மட்டும் சொல்வார். சொல்லி ஒரு கிழமைக்குள் ஏசி வந்து இறங்கும்.

இனிப் பில்லுக்கு வருவோம். ஒரு ஃபேன் இரவு முழுக்கச் சுற்றினாலும் அரை யூனிட்தான் தின்னும். பன்னீராயிரம் பிடியூ பழைய ரக ஏசி, எட்டு மணி நேரத்தில் ஆறு ஏழு யூனிட் தின்னும். மாதம் 200 யூனிட் பக்கம். சரி, 200 யூனிட்டுக்குக் காசு கட்டினால் முடிந்தது என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் படிக்கட்டு இருக்கிறது. 30, 60, 90, 120, 180 என்று படிப்படியாக ஏற்றிவைத்திருக்கிறார்கள். ஏற ஏற யூனிட்டின் விலையும் ஏறும். 180ஐத் தாண்டினால் உச்சப் படி. குறையப் பாவிப்பவன் ஏழை, அவனுக்குச் சலுகை. கூடப் பாவிப்பவன் பணக்காரன், அவனைப் பிழி. காகிதத்தில் எவ்வளவு நீதியான ஏற்பாடு!

மீட்டருக்குத் தலை எண்ணத் தெரியாது. கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம், பின்னால் கொட்டிலில் வாப்பாவும் உம்மாவும். மூன்று அடுப்பு, ஒரு மீட்டர். தனித்தனியே 80, 90 யூனிட் பாவிக்கிற இரண்டு சாதாரணக் குடும்பங்கள், ஒரே கம்பியில் சேர்ந்தவுடன் சட்டத்தின் கண்ணில் ஒரே பணக்காரன். அதன்மேல் ஏசியின் 200 யூனிட்டும் ஏறினால் கிட்டத்தட்ட அந்த 200உம் உச்சப் படி விலை. கொழும்பில் தனியாக ஒரு ஃபிளாட்டில் இருந்துகொண்டு 60 யூனிட் பாவிக்கிற கனவானோ சலுகைக்குரிய ஏழை! பாவம், அவர் பகல் முழுக்கக் கந்தோர் ஏசியில் இருந்துவிட்டு வருகிறார்.

தனி மீட்டர் எடுக்கலாமே என்பீர்கள். எடுக்கலாம். அதற்குத் தனி வீடு என்று காட்டவேண்டும். காட்டக் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்துக்கு இன்னொரு கடிதம் வேண்டும். மேல்தட்டை அனுமதி எடுக்காமல் கட்டியிருந்தால் கதை முடிந்தது. சட்டத்தின்படி இல்லாத ஒரு தட்டில், சட்டத்தின்படி இல்லாத ஒரு குடும்பம், சட்டப்படி உச்ச விலை கட்டிக்கொண்டிருக்கும்.

மீட்டர் யார் பெயரில்? வாப்பாவின் பெயரில். வீட்டை மகளுக்கு எழுதியாயிற்று. மீட்டரை எழுத யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் சொல்லவேண்டியதில்லை.

2022 ஆகஸ்டில் சராசரி 75 சதவீதம் ஏற்றினார்கள். மூச்சு வாங்குவதற்குள், 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். ஆறே மாதத்தில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பிறகு இறக்கினார்கள், ஏற்றினார்கள், மறுபடி இறக்கினார்கள். 2025 யூனில் திரும்பவும் 15 சதவீதம். ஊஞ்சல் ஆடுவது அவர்கள், தலைசுற்றுவது நமக்கு.

"அதுதான் சொல்கிறேன், ஒரு தட்டு வீடே நல்லது" என்று பட்டிமன்றத்தின் மற்ற அணி எழும்பும். உட்காருங்கள் தம்பி. நீங்கள் சொல்கிற ஒரு தட்டு வீடு எது? முகடு உயர்ந்த ஓட்டு வீடு. முன்னால் விறாந்தை. வளவில் வேம்பும் நாலு தென்னையும். சுற்றிக் கிடுகு வேலி. அந்த வேலி பார்வையை மறித்தது, காற்றை விட்டது. பெண்களுக்கு மறைப்பும் ஆயிற்று, வீட்டுக்குக் காற்றும் ஆயிற்று. இப்போது ஆளுயரத்துக்கு மேல் மதில். பார்வையும் வராது, காற்றும் வராது, பக்கத்து வீட்டு மையத்துச் செய்திகூட வாட்ஸப்பில்தான் வரும். வேம்பு இலை கொட்டுகிறது என்று தறித்தாயிற்று. தென்னை, தேங்காய் விழுந்து கார் கண்ணாடி உடையும் என்று தறித்தாயிற்று. வளவு முழுக்க இன்டர்லொக் கல் பதித்தாயிற்று. சூடு என்று சொல்லி ஏசி பூட்டியாயிற்று.

ஓடு எங்கே? ஓட்டுக்குப் பதில் அஸ்பெஸ்டஸ் சீட் வந்தது. மெல்லிய தகடு. வெயில் மேலே விழுந்த சற்று நேரத்தில் கீழே இருப்பவனின் மண்டையில் இறங்கும். அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது என்பது உலகறிந்த சங்கதி. 2018 தொடக்கம் படிப்படியாக நிறுத்துவோம் என்று நமது அரசாங்கமும் வீரமாகச் சொன்னது. 2017 டிசெம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு கண்டோம் என்று ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. ரஷ்யா அஸ்பெஸ்டஸ் விற்கிற நாடு. கொழும்பில் வீரம் சில நாட்கள்கூட நிற்கவில்லை. அஸ்பெஸ்டஸ் தடை ஒத்திப்போனது, தேயிலைக் கப்பல் புறப்பட்டது. நமது தலைக்கு மேல் எந்தக் கூரை இருக்கவேண்டும் என்பதை ஒரு வண்டு முடிவு செய்தது. அந்த வண்டுக்காவது கொள்கை என்று ஒன்று இருந்தது.

இந்தச் சூட்டுக்குக் காசு எங்கிருந்து வருகிறது? கட்டாரில் இருந்து, சவூதியில் இருந்து. மற்றவனின் வெயிலில் நின்று உழைத்து, நமது வெயிலைச் சேமிக்கும் பெட்டி கட்டுகிறோம். முகப்பு முழுக்கக் கண்ணாடி. யன்னல் எல்லாம் அலுமினிய ஸ்லைடிங். எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் பாதிதான் திறக்கும். அரபு நாட்டுப் பாணி என்று பெருமை வேறு. அரபு நாட்டான் மின்சாரம் வருமுன் எப்படி உயிரோடு இருந்தான்? தடித்த சுவர், ஒடுங்கிய நிழல் தெரு, நடுமுற்றம், மேலே காற்றைப் பிடித்துக் கீழே இறக்கும் பார்ஜீல் கோபுரம். துபாயின் பழைய அல் ஃபஹிதி பகுதியில் இன்றும் நிற்கிறது. உல்லாசப் பயணிகள் படமெடுக்கிறார்கள். நம்மவர்களும் அதன் முன்னால் நின்று படமெடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். காற்றுக் கோபுரத்தை அங்கேயே விட்டுவிட்டு கண்ணாடியை மட்டும் கொண்டுவந்தார்கள். காத்தான்குடியில் பிரதான வீதி நெடுகப் பேரீச்சை நட்டது இன்னொரு சாதனை. கொளுத்துகிற வெயிலில் அதன் நிழலில் ஒதுங்க நினைக்கிறவன், முதலில் உடம்பைப் பாதியாக மெலிய வைக்கவேண்டும்.

வீண்விரயம் ஹராம் என்று ஜும்ஆவில் குத்பா நடக்கிறது. நல்ல குத்பா. நாலு பக்கமும் கண்ணாடி அடைத்து, எட்டு ஏசி ஓடுகிற பள்ளியில் நடக்கிறது. அந்த யன்னல்களைத் திறந்தால் கடற்காற்று வரும். திறக்க முடியாது, ஏசி வீணாகிவிடுமாம்.

மாடி வீடும் ஒரு தட்டு வீடும் அரசாங்கத்தின் கையில் என்ன பாடு பட்டன என்று பார்க்க இந்தக் கரையைவிட நல்ல இடம் கிடையாது. 2004 டிசெம்பர் 26, சுனாமி. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேல் மையத்துகள். கடலோரத்தில் இனிக் கட்டக்கூடாது என்று கோடு கிழித்தார்கள். நமது கிழக்குக்கு 200 மீட்டர் என்றார்கள், பிறகு குறைத்தார்கள். மருதமுனையில் ஒரு வீட்டுத்திட்டத்துக்கே இன்றுவரை 65 மீட்டர் என்று பெயர். கடற்காற்றில் பாய் விரித்துப் படுத்தவர்களில் ஒரு பகுதியினரைக் கல்முனையின் மாடிக் குடியிருப்புகளுக்கு ஏற்றினார்கள். தோணியும் வலையும் வைத்துப் பிழைத்தவனுக்கு மாடி. வலையை எங்கே காயவைப்பது என்று வரைபடம் போட்டவருக்குத் தோன்றவில்லை. எந்தப் பக்கத்தில் இருந்து காற்று வரும் என்று கேட்கவும் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அங்கே நின்ற எந்தப் பிள்ளையும் கையை நீட்டிக் காட்டியிருக்கும்.

ஒரு தட்டு வீடு கேட்டீர்களே, அதுவும் கட்டினார்கள். நுரைச்சோலையில். புத்தளத்து நுரைச்சோலை வேறு, அங்கே 900 மெகாவாட் நிலக்கரி ஆலை. இது அக்கரைப்பற்று நுரைச்சோலை. பேரியல் அஷ்ரப் வீடமைப்பு அமைச்சராக இருந்த காலத்துத் திட்டம், சவூதி அரேபியாவின் காசு, சுனாமியில் வீடிழந்தவர்களுக்கு 500 வீடுகள். பாடசாலை, வைத்தியசாலை, சந்தை எல்லாம் சேர்த்துக் கட்டினார்கள். வீடுகளைக் கொடுக்குமுன்பே எந்த இனத்தவனுக்கு எத்தனை வீடு என்று வழக்கு உச்ச நீதிமன்றம் ஏறியது. அலை வந்தபோது இன விகிதாசாரம் பார்த்து அடிக்கவில்லை. வீடு கொடுக்கும்போது மட்டும் தராசு வந்தது. பத்தாண்டுக்கும் மேலாக அந்த வீடுகள் பூட்டிக் கிடந்தன. பற்றை வளர்ந்தது. கதவும் யன்னலும் போயின. கட்சிகள் மாறின, அமைச்சர்கள் மாறினார்கள், ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒருவர் வந்து பற்றைக்குள் நின்று "விரைவில்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே பட்டிமன்றத்துக்கு என் சாட்சியம் இதுதான். பூட்டிக் கிடந்த அந்தக் காலத்தில், இலங்கையில் மிகக் குறைந்த செலவில் குளிர்ந்த வீடுகள் நுரைச்சோலையின் 500 வீடுகள். யன்னல் இல்லாததால் நல்ல காற்றோட்டம். சுற்றிவரக் காடு. பில் பூச்சியம். ஒரே ஒரு குறை, மனிதர் இருக்கவில்லை.

சூரியனையே வேலைக்கு வைப்போம் என்று ஒரு கட்டத்தில் நமக்கும் புத்தி வந்தது. 2016இல் அரசாங்கமே கூரையில் சோலர் போடுங்கள், மிஞ்சுவதை நாங்கள் வாங்குகிறோம் என்றது. கடன் வாங்கிப் போட்டார்கள். பள்ளிகளும் போட்டன. பிளேட்டுக்கு ஒருவழியாக நிழல் கிடைத்தது. சரியான காரியம். 2025 ஏப்ரல் வந்தது. சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கிற அதே மாதம். புத்தாண்டு விடுமுறையில் மின்சாரத் தேவை குறைவு, வலையமைப்பு தாங்காது, 13ஆம் திகதி முதல் 21ஆம் திகதி வரை பிற்பகல் மூன்று மணிவரை சோலரை நிறுத்திவையுங்கள் என்று மின்சார சபை கேட்டுக்கொண்டது. வெயிலை வாங்கிக் கொடுத்தால், இன்றைக்கு வெயில் வேண்டாம் என்கிறார்கள். இத்தனை வருடத்தில் பற்றரி வைத்துச் சேமிக்க வழி செய்யவில்லை. எங்கள் பிளேட்டாவது பகல் வெயிலைச் சேமித்து இரவில் தருகிறது. சபையைவிட பிளேட் கெட்டிக்காரன்.

அதற்கு இரண்டு மாதம் முன்னர், பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியது. நாடு முழுக்க இருண்டது. அமைச்சரே குரங்கின்மேல் பழியைப் போட்டார். குரங்கு மறுக்கவில்லை. இந்த நாட்டில் பொறுப்பேற்ற ஒரே அதிகாரி என்று அதற்குப் பதவி உயர்வு கொடுத்திருக்கலாம்.

மாநகர சபையில் போய்க் கேட்கலாமா? மரம் நடுங்கள், மதிலுக்கு உயரம் வையுங்கள், பிளேட்டுக்கு மேல் நிழல் இல்லாமல் அனுமதி கொடுக்காதீர்கள் என்று? 2018 பெப்ரவரியில் ஒரு சபையைத் தெரிவுசெய்தோம். அதன் காலம் முடிந்தது. 2025 மேயில் நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது, கல்முனைக்கு நடக்கவில்லை. எல்லை வழக்கு. சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை வேண்டும் என்று ஒரு பக்கம், கொடுக்கக்கூடாது என்று மறு பக்கம். 2020 பெப்ரவரியில் தனிச் சபைக்கு வர்த்தமானி வந்தது, வந்த சில நாளில் நின்றது. பிரதேச செயலகம் வடக்கா தெற்கா என்று தமிழரும் முஸ்லிமும் பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டுகிறார்கள். யாருடைய எல்லைக்குள் வேகுகிறோம் என்று தெரிந்துகொண்டு வேகவேண்டும் என்பதில் நமக்கு அவ்வளவு பிடிவாதம்.

வாக்குக் கேட்டு இப்போதைக்கு எவரும் வரப்போவதில்லை. சம்பந்தம் பேச நிச்சயம் வருவார்கள். மூன்றாமவளுக்கு வயதாகிறது. வரும்போது கீழே விறாந்தையில் நாற்காலி போட்டு, ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்து, குளிர்ந்த சர்பத் கொடுத்து அனுப்பாதீர்கள். மேலே கூட்டிப் போங்கள். மே மாதமாக இருந்தால் நல்லது. லுஹர் முடிந்து இரண்டு மணிக்கு வரச்சொல்லுங்கள். யன்னலைச் சாத்துங்கள். ஏசியின் ரிமோட்டை உம்மாவின் கையில் கொடுத்துவிடுங்கள். கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பிளேட்டுக்கு நேர்கீழே பாயை விரித்து, மாப்பிள்ளையின் மாமாமார் எல்லோரையும் உட்காரவைத்து, எத்தனை தட்டு வேண்டும் என்று கேளுங்கள். அவசரப்பட வேண்டாம். அவர்கள் யோசித்துச் சொல்லட்டும்.